ஆபீஸ் நம்பர்

“உங்க போனுக்கு இப்ப ஆறு இலக்க நம்பர் ஒன்னு வரும். அதை மட்டும் சொல்லுங்கண்ணே.”

இதை எந்தக் காலத்திலும் எவரிடமும் கேட்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தான், சார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதோ அந்த ஜன்னலோர நாற்காலியில் என்னை உட்காரவைத்துச் சொன்னீர்கள். “பார்ட்டியோட கணக்கை நாம எழுதலாம். வரி கட்டிக் குடுக்கலாம். ஆனா வரி ஆபீஸ்லேருந்து வர்ற நோட்டீஸ் அவங்க போனுக்குத்தான் போகணும். நடுவுல நாம கைய நீட்டக் கூடாது. வீட்டுச் சாவிய வேலைக்காரிகிட்ட குடுத்த மாதிரி ஆயிடும்.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டீர்கள். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் என் அம்மா குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா காதில் அது விழவில்லை. எனக்கு விழுந்தது.

இப்போது என்னை மேலே கூப்பிட்டிருக்கிறீர்கள். நாளைக்கு உங்களுக்கு விசாரணை. உங்கள் பார்ட்டி லாண்டரிக்காரருக்கு வந்த நோட்டீஸ் அத்தனையும் உங்கள் பெயரில் இருக்கும் நம்பருக்கு வந்திருக்கிறது, நீங்கள் ஒன்றுக்கும் பதில் போடவில்லை, கடைக்கு சீல் வைத்துவிட்டார்கள், மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அவர் மனைவி புகார் கொடுத்திருக்கிறார். என்னிடம் நீங்கள் கேட்பது ஒரே ஒரு வார்த்தை.

“அந்த போன் உங்கிட்டதான் இருந்துச்சுன்னு அதிகாரிகிட்ட சொல்லிடும்மா. ஏதோ மறதியா விட்டிருப்பே. சின்னப் பொண்ணு, மன்னிச்சிடுவாங்க. என்னையன்னா உள்ள தள்ளிடுவாங்க.”

மறதி என்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் வேலையில் மறதி கிடையாது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நீங்களே அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கதவைச் சாத்தியிருக்கிறேன். கண்ணாடியைத் தேடாதீர்கள், உங்கள் நெற்றியில்தான் இருக்கிறது.

தனியாகக் கணக்கு எழுதும் ஆபீஸ் தொடங்கப்போகிறேன் என்று உங்களிடம் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? சிரித்தீர்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். “கணக்கு எழுதத் தெரிஞ்சா போதுமாம்மா? ஜனங்க நம்பி வரணுமே. உன்னை அவங்க இன்னும் ஆயா பொண்ணாத்தானே பார்க்கறாங்க” என்றீர்கள். சரிதான். ஆனால் அவர்களுக்கு அப்படிப் பார்க்கப் பழக்கியது யார்? “நம்ம ஆயா பொண்ணு, டிகிரி முடிச்சிருக்கு, படிக்கவச்சதே நாமதான்.” ஒரே ஒரு பருவத்துக்கு நீங்கள் கட்டிய கல்லூரிக் கட்டணம் அது. அதை நீங்கள் சொல்லிக்காட்டிய தடவைகளால் வகுத்துப் பார்த்திருக்கிறேன். தடவைக்கு ஒரு டீகூடத் தேறவில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் நான். “வாயத் தொறந்து எதையும் கேட்டுடாதே, குடுக்கற கை மடங்கிடும்” என்பாள் அம்மா. நானும் எதையும் கேட்கவில்லை. இங்கே இருந்த கடைசி மாதங்களில் உங்கள் பார்ட்டிகளிடம் அந்த ஆறு இலக்கத்தை மட்டும் கேட்டேன். சார் கேட்கச் சொன்னார் என்றேன். ஹார்டுவேர்க்காரர், மருந்துக்கடை அக்கா, பேக்கரி அண்ணன், லாண்டரிக்காரர். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பேக்கரி அண்ணன் மாவுக்கையோடு போனை என்னிடமே கொடுத்து, “நீயே பாத்துக்க பாப்பா, எனக்கு இங்க்லீஷ் எழுத்தப் பாத்தாலே கொட்டாவி வருது” என்றார். ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்று நீங்கள் சொன்னது தப்பு, சார்.

அந்த ஆறு இலக்கத்தைப் போட்டு, வரி ஆபீஸ் பதிவில் அவர்கள் நம்பரை எடுத்துவிட்டு ஆபீஸ் நம்பரைப் போட்டேன். அன்றிலிருந்து அவர்களுக்கு வர வேண்டிய நோட்டீஸ் எல்லாம் அதற்கு வந்தது. நீங்கள் எனக்கு வாங்கிக்கொடுத்த போன். உங்கள் பெயரில் எடுத்த சிம். நான் வேலையை விட்டபோது, “பார்ட்டிங்க பழக்கதோஷத்துல என்னத்தான் கூப்பிடுவாங்க சார், உங்களுக்கு எதுக்கு தொந்தரவு, நானே வச்சுக்கறேன்” என்றேன். “நல்ல பொண்ணு” என்றீர்கள். அதன் மாதக் கட்டணத்தை இன்றுவரை நீங்கள்தான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கீழே நான் பிடித்திருக்கும் அறை உங்களுக்குத் தெரியும். மாடிப்படிக்கு அடியில், அம்மா வாளியும் துடைப்பமும் வைத்திருந்த இடம். ஜன்னல் கிடையாது. பினாயில் வாசனை சுவரிலேயே ஊறிப்போயிருக்கிறது. யாராவது படியேறினால் தலைமேல் நடப்பதுபோல இருக்கும். பலகை மாட்டிய புதிதில் உள்ளே எட்டிப் பார்த்தவர் ஒரே ஒருவர். “பாத்ரூம் எந்தப் பக்கம்மா?” என்று கேட்டார்.

பிறகு வர ஆரம்பித்தார்கள். நான் செய்தது பெரிய காரியமில்லை. ஒரு நோட்டீஸ் வந்தால் படித்துவிட்டு வைத்துவிடுவேன். அடுத்தது கொஞ்சம் கோபமாக வரும். அதற்கடுத்தது கணக்கை முடக்குவோம் என்று வரும். அப்போது என் சொந்த போனில் அவர்களைக் கூப்பிடுவேன். “அண்ணே, உங்க பேர்ல ஏதோ நோட்டீஸ் இருக்காமே, சார் பாக்கலையா? வயசாகுதுல்ல, பாவம். நான் வேணா பாக்கட்டுமா?” அலறியடித்துக்கொண்டு வருவார்கள். ஒரே நாளில் சரிசெய்துவிடுவேன். என்ன கேட்டிருக்கிறார்கள், என்ன பதில் போட வேண்டும் என்று எனக்குத்தான் முன்பே தெரியுமே. மருந்துக்கடை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நீ இல்லேன்னா நான் என்னாயிருப்பேன்” என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

யாருக்கும் ஒரு கீறல்கூட விழவிட்டதில்லை. கிணற்று விளிம்புவரை போகவிட்டுப் பிடித்து இழுத்துவிடுவேன்.

லாண்டரிக்காரர் மட்டும் வரவில்லை. மூன்று தடவை கூப்பிட்டேன். “சார்கிட்ட கேட்டேன் பாப்பா, ஒன்னும் வரலைன்னுட்டாரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். அந்த மனுஷனை விட்டுட்டு எப்படி வர்றது?” என்றார். நான் பட்டம் வாங்கப் போன அன்று அம்மா இரவல் வாங்கிய புடவைக்குக் காசு வாங்காமல் இஸ்திரி போட்டுக்கொடுத்தவர் அவர். மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தார். அப்படிப்பட்டவர் என்னைவிட உங்களை நம்பினார். எனக்கு அது புரியவே இல்லை. இன்னும் புரியவில்லை.

சீல் வைக்க எந்தத் தேதியில் வருவார்கள் என்பதும் அந்த போனுக்கு வந்தது. அன்று காலை நான் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஷட்டரைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கையசைத்தார். “என்ன பாப்பா, துணி ஏதும் இருக்கா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அப்போதுகூட, என்னம்மா செய்யறது என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

வரி பாக்கிக்காக அவர் சாகவில்லை. அதைக் கட்டியிருப்பார். கடைக்குள்ளே ஊரார் துணி மாட்டிக்கொண்டது. ஒருவருடைய கல்யாணப் பட்டு, ஒரு பையனுடைய ஒரே பள்ளிச் சீருடை, வேலைக்கு நேர்காணல் போகிறவனுடைய கோட்டு. ஒவ்வொருவராக வந்து, மூடிய கடையின் படியில் உட்கார்ந்திருந்தவரைத் திருடன் என்றார்கள். எழுந்து நின்று கை கூப்பினார். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி யாராவது வந்தார்கள். ஒரு நாள் விடிந்தபோது படியில் அவர் செருப்பு மட்டும் ஜோடியாக இருந்தது. ரயில் பாதை அங்கிருந்து பக்கம்தான்.

தண்ணீர் குடியுங்கள், சார்.

நான் சுகமாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். அந்த போனை நீங்கள் ஒரு வாரம் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குளிக்கப் போனாலும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவில் தொங்கவிட வேண்டும். சிக்னல் இல்லாத ஊர் என்று சித்தி மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. “கைக்குழந்தைகூட இப்படி ஓயாம அழாதுடி” என்பாள் அம்மா. யாருக்கு எப்போது எது முற்றும், யாரை எந்த நாளில் இழுக்க வேண்டும் என்று எந்நேரமும் அதே நினைப்பு. அந்த ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து, தலைமேல் நீங்கள் ஏறி இறங்கும் காலடியைக் கேட்டுக்கொண்டே, இதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். லாண்டரிக்காரர் போனதற்கு அப்புறம் அது இன்னும் கூடிவிட்டது. அதை உறுத்தல் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் வேலைப்பளு என்பேன்.

அதிகாரியைப் பார்க்கச் சொல்கிறீர்கள். பார்த்துவிட்டேன். காலையில் உங்களிடம் வருவதற்கு முன்பே போய்விட்டு வந்தேன். நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். ஆயா பொண்ணா என்று கேட்கவில்லை. வேலையை விட்ட அன்றே போனை உங்கள் மேஜையில் வைத்துவிட்டுப் போனதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அதைப் பொய்யாக விட்டுவைக்க எனக்கு மனமில்லை. இந்தாருங்கள், போன். என்னுடையதையெல்லாம் அழித்துவிட்டேன். மிச்சமிருப்பது நோட்டீஸ்கள் மட்டும்தான். எல்லாம் திறந்து படிக்கப்பட்டவை. அடுத்தவர் பொருள் ஒரு குண்டூசியைக்கூட நான் வைத்துக்கொண்டது கிடையாது. அம்மா அப்படி வளர்த்திருக்கிறாள்.

நான் சொன்னதை நீங்கள் அப்படியே போய் அதிகாரியிடம் சொல்லலாம். வேண்டாம் என்று தடுக்க மாட்டேன். ஆனால் ஜனங்கள் நம்ப வேண்டும், சார்.

எழுந்திருக்காதீர்கள். கதவை நானே சாத்திக்கொள்கிறேன். கை லேசாக இருக்கிறது. இனிமேல் எவர் தலைவிதியும் என் பையில் கிடந்து அதிராது. கீழே என் அறையில் லாண்டரிக்காரர் மனைவி வந்து உட்கார்ந்திருக்கிறார். கடையை மறுபடி திறக்க வேண்டுமாம், உங்களிடம் வரப் பயமாக இருக்கிறதாம். பாவம், எழுதப் படிக்கத் தெரியாதவர். காசு வாங்காமலேயே அவர் கணக்கைப் பார்த்துக்கொடுக்கப்போகிறேன். புது நம்பர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அவர் போனுக்கு ஆறு இலக்கம் ஒன்று வரும். அதை மட்டும் அக்கா சொன்னால் போதும்.