ஆராட்டுக்கு எட்டு நிமிடம்

காலையில் எனக்கு இரண்டு டம்ளர் காப்பி பழக்கம். இங்கே ஒன்றுதான் தந்தீர்கள். பரவாயில்லை, குறை சொல்ல வரவில்லை. யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் பிச்சையா, வயது ஐம்பத்தேழு, வீடு ஸ்ரீவராகம். முப்பத்தொரு வருஷம் விமானம் ஓட்டினேன். ஐப்பசி ஆராட்டன்று, சுவாமி கடலில் நீராடப் போகும் நாளில், எங்கள் சிறிய விமானம் கடற்சுவரில் மோதியதற்கு, இறந்துபோன துணை விமானி அஜிதாதான் காரணம் என்று உங்கள் விபத்து விசாரணை அறிக்கை சொல்கிறது. விமான நிலைய டவரின் பதிவில் "ரன்வே தெரிகிறது" என்பது அவள் குரல்தான். விமானத்துக்குள் நாங்கள் பேசிக்கொண்டது எதிலும் பதிவாகவில்லை. அந்த வார்த்தை அவள் வாய்க்கு எப்படி வந்தது என்று சொல்லத்தான் வந்தேன்.

கருவியை நம்பி இறங்குவது ஒரு வகை. கண்ணால் ஓடுதளத்தைப் பார்த்து இறங்குவது இன்னொரு வகை. இரண்டாவதில் நான் கெட்டிக்காரன் என்று கம்பெனியில் பெயர். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். கடல், தென்னை, ஓடுதளம், கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கீழே, இப்படி. பிச்சையா சாரோடு பறந்தால் பார்வை கூர்மையாகும் என்று இளசுகள் ஆசைப்பட்டு வருவார்கள். நல்ல வழக்கம்தான், யாருக்கும் கெடுதல் இல்லை.

மூன்று வருஷமாக என் கண்ணின் நடுவில் ஒரு சாம்பல் பொட்டு. நேரே எதைப் பார்த்தாலும் அது விழுங்கிவிடும். ஓரக்கண்ணால் கருவிகளைப் பார்த்து ஒப்பேற்றினேன். மருத்துவப் பரிசோதனையில், எனக்கு முன்னால் போனவர் எழுத்துப் பலகையைப் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வேன். வேலையை விட்டிருக்கலாமே என்பீர்கள். விட்டால் தெருவில் நான் யார்?

அஜிதா சூட்டிகை. அப்பா குமரிப் பக்கத்திலிருந்து இங்கே கட்டட வேலைக்கு வந்தவர். ஆராட்டுக்குப் பத்து நாள் முன்பு, நண்பகலில் இறங்கிக்கொண்டிருந்தோம். "சாரே, மேகம் குறுக்க நிக்குது. ரன்வே தெரியல்ல" என்றாள். "ஆமா, எனக்கும் தெரியல. ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்" என்றேன். விமானத்தைத் திருப்பினேன். பிறகு, "மேகமே இல்ல சாரே. நல்ல வெயிலு" என்றாள்.

கீழே வந்ததும் அவள் கோபப்படவில்லை. "டாக்டர்கிட்ட காட்டுங்க சாரே. ஆராட்டு கழியட்டும். பின்னயும் நீங்க சொல்லல்லன்னா நான் ஆபீசுல சொல்லுவேன், கேட்டியளா" என்றாள். சரிம்மா என்றேன். இரண்டு நாள் கழித்து, கண்ணில் ஊசி போட்டாயிற்று, எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று ஒரு பொய்யும் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. இனி அவள் சொல்வதில் எது நிஜம், எது சோதனை என்று கண்டுபிடிக்க எனக்கு வழியே இல்லை.

ஆராட்டு நாள் எப்படி என்று உங்களுக்கே தெரியும். சுவாமி ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். நாலு மணிக்கு ஓடுதளத்தை மூடிவிடுவார்கள். மதுரையில் ஆட்களை இறக்கிவிட்டுக் காலி விமானமாக வந்துகொண்டிருந்தோம். கடல் மேல் மழை பிடித்துக்கொண்டது. மணி மூன்று ஐம்பத்திரண்டு. ஓடுதளம் தெரிகிறதா, இல்லையென்றால் கொச்சிக்குப் போங்கள் என்று டவரில் கேட்டார்கள்.

"ஒண்ணும் தெரியல்ல சாரே. கொச்சிக்கே போயிரலாம்" என்றாள் அஜிதா.

மழைச் சத்தம் எனக்கும் கேட்டது. மழைக்குள் ஓடுதளம் தெரிகிறதா என்பதை அவள் வாயிலிருந்துதான் நான் அறியமுடியும். மறுபடியும் "எனக்கும் தெரியல" என்று சொல்லி மாட்டிக்கொண்டால்? "எனக்கு நல்லாத் தெரியுதே. டவர்கிட்ட சொல்லு" என்றேன். "உள்ளதாட்டு தெரியுதா சாரே?" என்று கேட்டாள். "முப்பத்தொரு வருஷம்மா" என்றேன். நம்பினாள். சொன்னாள்.

விமானத்தை இறக்கினேன். சோதனை என்றால் கடைசியில் தன் உயிருக்குப் பயந்தாவது உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் "தெரியல்ல சாரே, தெரியல்ல" என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு "சுவரு சாரே" என்று கத்தி, மேலே இழுக்கப் பிடியைப் பற்றினாள். அப்போதும் சோதனை என்றுதான் நினைத்தேன். அவள் கையைத் தட்டிவிட்டேன். வலது பக்கம் மோதியது. அவள் உட்கார்ந்திருந்தது அந்தப் பக்கம்.

அறிக்கை வந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா ஜெபமலர் என் வீட்டுக்கு வந்தார். "எம்பிள்ளை அறியாம சொல்லிப்போட்டா சாரே. உங்க தோள் எலும்பும் ஒடிஞ்சு போச்சே. அவ மேல வருத்தம் வச்சுக்காண்டாம்" என்றார். முகம் எனக்குத் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் அழுகிறார் என்று அறிந்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. போனது போகட்டும், அஜிதாவை மன்னித்துவிட்டேன் என்றேன். சாருக்குப் பெரிய மனசு என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டீர்கள் அல்லவா? கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் என் விரலைப் பிடித்து வையுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது அந்த அம்மாளுக்கு மட்டும் தெரியவேண்டாம். பாவம், என் மேல் அவ்வளவு மரியாதை வைத்திருக்கிறார். அவர் மனசு தாங்காது.