சேனல் ஒன்பதின் மூன்று கல்யாணங்கள்

– "குடும்பத் தன்மானம்"னு எழுதச் சொல்றீங்களே கெரிட், உங்கப்பா நெட்வொர்க்கை மாத்தினதுக்குக் காரணம், சிகாகோவுல நெட்வொர்க்காரங்க குடுத்த விருந்துல அவருக்குச் சமையக்கட்டுக் கதவு ஓரமா நாற்காலி போட்டதுதானே?

– இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?

– ஆரின்.

– ஆரின், நான் உனக்குச் சம்பளம் குடுக்கிறது பட்டனை அமுக்கவா, வம்பு பேசவா?

– பட்டனுக்குத்தான் முதலாளி. வம்பு இலவசம். எனக்கென்ன.

– பாரு யெசீனியா, இது அறுபதாம் வருஷ விழா நிகழ்ச்சி. ஊரே பார்க்கும். வியாழக்கிழமை நெட்வொர்க்லேர்ந்து ஆள் வராங்க, அவங்களும் பார்ப்பாங்க. மூணு தலைமுறையா எங்க ஹுக்ஸ்ட்ரா குடும்பம் இந்த ஸ்டேஷனை நடத்துது. அதைப் பெருமையா சொல்லு. புரியுதா?

– பெருமையாத்தானே எழுதியிருக்கேன்? மூணு கல்யாணம், ரெண்டு அறுத்துக்கட்டு. 1954-ல உங்க தாத்தா கான்டினென்டல் நெட்வொர்க்கைக் கட்டிக்கிட்டார், அவங்க நிகழ்ச்சியை ஊருக்குப் போட்டார். 68-ல அவங்க துரத்திவிட்டாங்க. அப்புறம் மெரிடியன். 86-ல கதவோர நாற்காலி, கோபம், ஓடிவந்து யூனியன் நெட்வொர்க். ஒவ்வொரு தடவையும் மறுநாள் திரையில வந்து "உங்கள் நலனுக்காக"ன்னு ஒரு புளுகு.

– துரத்தல. நாம முன்னேறி வந்தோம். அதை மாத்து.

– முன்னேறியா? பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டத்துக்காக கான்டினென்டலோட சனிக்கிழமை பாட்டு நிகழ்ச்சியைப் பாதியில வெட்டினார் உங்க தாத்தா, அதுக்குத்தான் துரத்தினாங்க. ஒரு பக்கம் ஆறு பேர் ஆடுவாங்களே, அந்தக் காலத்து ஆட்டம். அயோவாவுல அன்னிக்கு எவனாவது பாட்டு கேட்டிருப்பானா? இந்த ஸ்டேஷன் அறுபது வருஷத்துல முதுகெலும்போட செஞ்சது அது ஒண்ணுதான். அதைத்தான் சிவப்பு மையால அடிச்சு வெச்சிருக்கீங்க.

– நெட்வொர்க்காரங்க பார்க்கிற நிகழ்ச்சியில "நெட்வொர்க்கை வெட்டினோம்"னு சொல்லுவியா? உனக்குப் படிச்ச திமிரு.

– ஆமா. எங்க வீட்டுல முதல்ல படிச்சவ நான்தான், அதனால எல்லாருக்குமான திமிரும் எங்கிட்டயே சேர்ந்துடுச்சு. அது கிடக்கட்டும். மணி ஆறு நாப்பத்தஞ்சு. ஏழு மணிக்குக் கூட்டத்தைப் போடறோமா இல்லையா?

– எந்தக் கூட்டம்?

– கெரிட்!

– தெரியுது, தெரியுது. கறி வெட்டுற ஆலைக் கூட்டம். பத்து மணிச் செய்தியில ஒரு நிமிஷம் தரேன்.

– ஒரு நிமிஷமா? ஆலையை மூடறோமா இல்லையான்னு கம்பெனிக்காரன் இன்னிக்குத்தான் வாயைத் திறக்கப் போறான். பள்ளிக்கூட ஜிம்ல ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்காங்க. நம்ம கேமரா அங்க தயாரா நிக்குது.

– ஆயிரம் பேர் அங்கயே கேட்டுக்கட்டும்.

– ரெண்டாவது ஷிப்ட்டுல நானூறு பேர் இருக்காங்களே, அவங்க? ஏழு மணிக்கு அவங்களுக்குச் சாப்பாட்டு நேரம். ஆலை கேன்டீன்ல ஒரே ஒரு டிவி. வெறும் ஆன்டெனா. அதுல வர்றது நம்ம சேனல் மட்டும்தான். ஆலைக்குள்ள போனைக் கொண்டுபோக விடமாட்டாங்க. எங்கம்மா அங்கதான் கத்தியும் கையுமா நிக்கிறா. பத்தொன்பது வருஷமா நிக்கிறா. தன் வேலை இருக்கா போச்சான்னு பத்து மணிக்கு உங்க ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுக்கணுமா?

– ஏழு மணிக்கு யூனியனோட சக்கரம் சுத்துற போட்டி. இறுதிச் சுற்று. அதை வெட்ட முடியாது. அவங்க நிகழ்ச்சியை நிறுத்தி நம்ம இஷ்டத்துக்கு வேற போட வருஷத்துக்கு இருபது மணி நேரம்தான் அனுமதி. தீர்ந்துபோச்சு. புரியுதா?

– நல்லாப் புரியுது. எதுல தீர்ந்ததுன்னும் புரியுது. உங்க மச்சான் மெத்தைக் கடை விளம்பரம்! "இந்த மெத்தையில படுத்தா முதுகுவலி போகும்"னு அரை அரை மணி நேரமா! இருபதும் தாண்டி முப்பத்தொண்ணு ஆச்சு.

– அவன் நம்ம விளம்பரதாரர்.

– அவர் உங்க மச்சான். தாத்தா கூடைப்பந்துக்காக வெட்டினார், நீங்க மெத்தைக்காக வெட்டறீங்க. நல்ல வாரிசு!

– புள்ள, கொஞ்சம் மூச்சு விட்டுக்க.

– நீங்க சும்மா இருங்க ஆரின். இருபத்தெட்டு வருஷமா "எனக்கென்ன"ன்னு உட்கார்ந்தே இந்த மனுஷனை இப்படி ஆக்கி வெச்சிருக்கீங்க.

– அதுவும் சரிதான்.

– கேளு யெசீனியா. கத்தாம கேளு. இந்தக் கடிதத்தை யார்கிட்டயும் காட்டக் கூடாதுன்னு இருந்தேன். இந்தா, படி.

– என்ன இது?

– யூனியன் அனுப்பினது. நாலு நாளாச்சு. மாசக் கடைசியோட நம்மை விட்டுடறாங்களாம். ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கானே, அந்த ஸ்டேஷன்காரன் தன்னோட இரண்டாவது சேனல்ல அவங்களை ஏத்திக்கப் போறான்.

– நாலு நாளா மறைச்சு வெச்சிருந்தீங்களா?

– இருபத்துமூணு பேர் வேலை பார்க்கிற இடம். சொன்னா மறுநாளே பாதிப் பேர் வேற வேலை தேடுவான். விளம்பரம் குடுக்கிறவன் ஓடிடுவான். வியாழக்கிழமை வர்றவங்க காலைப் பிடிச்சாவது திருப்பி வாங்கிடலாம்னு பார்த்தேன். அதுக்குத்தான் அந்த விழா நிகழ்ச்சியே. இப்ப அவங்க இறுதிச் சுற்றை நாம வெட்டினா, அந்தக் காலும் கிடைக்காது. அப்புறம் இந்தக் கட்டடத்துல மெத்தைக் கடைதான் வைக்கணும்.

– மச்சானுக்கு வாடகை மிச்சம்.

– ஆரின்! சிரிக்கிறியா நீ? உனக்குச் சிரிப்பு வரும். வேலை செஞ்சதே நீதானே.

– என்ன வேலை முதலாளி?

– கடிதத்தோட இரண்டாவது பக்கத்தைப் படி. "உங்கள் நிலையத்திலிருந்தே எங்களுக்கு வந்த பட்டியலின்படி." தேதி வாரியா, நிமிஷ வாரியா, எந்த நிகழ்ச்சியை எத்தனை மணிக்கு நிறுத்தி எத்தனை மணிக்கு மெத்தை போட்டோம்னு அத்தனையும் இருக்கு. பேர் போடாத கடிதமாம். அது நம்ம ஒளிபரப்புப் பதிவேட்டுல தவிர வேற எங்க இருக்கு? பதிவேடு யார் மேஜையில இருக்கு?

– என் மேஜையிலதான்.

– எங்கப்பா கையால வேலை குடுத்த ஆள் நீ. உன் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில இருந்தப்ப மூணு மாசம் சம்பளத்தோட லீவு குடுத்தவன் நான். நல்லாச் செஞ்சே. சாவியை மேஜைமேல வெச்சுட்டுப் போ.

– இப்பவேவா?

– இப்பவே.

– சரி. எனக்கென்ன. சாவி இந்தாங்க. யெசி, மணி என்ன?

– ஆறு அம்பத்தொன்பது.

– ஆரின், கையை எடு. அந்தப் பட்டன் மேலேர்ந்து கையை எடு! சொல்றேன்ல!

– இருபத்தெட்டு வருஷமா அடுத்தவன் சொன்னதைத்தான் போட்டேன் முதலாளி. இந்த ஒண்ணு என் இஷ்டத்துக்கு. இதோ பாரு புள்ள, ஜிம் வந்துடுச்சு. படம் கொஞ்சம் இருட்டு. சத்தம் தெளிவா இருக்கு.

– தொலைஞ்சோம். எல்லாம் தொலைஞ்சது. போன் அடிக்குது பாரு, நெட்வொர்க்தான். முதல்ல பட்டியல், இப்ப இது! உனக்கு நான் என்னடா துரோகம் செஞ்சேன்?

– இதை நான்தான் போட்டேன், ஒத்துக்கிறேன். பட்டியல் எனக்குத் தெரியாது முதலாளி. சத்தியமா நான் எதுவும் அனுப்பல.

– பின்ன யார் அனுப்பினா? பதிவேடு தானா நடந்து போச்சா?

– அவரை விடுங்க கெரிட். ஆரின் சாப்பிடப் போற நேரமாப் பார்த்து, ஏழு நாள் சாயங்காலம் உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்து எழுதி அனுப்பினது நான். உங்க ஒருத்தர் தலை மட்டும்தான் உருளும்னு நினைச்சேன்.