கன்னத்து மேல பழி

—போனை கட் பண்ணது நீங்க இல்ல, உங்க கன்னம். அப்படித்தானே சொல்ல வர்றீங்க?

—அண்ணாமலையார் சத்தியமா, செல்வி. இது டச் போன். நம்பர் அமுக்கற பட்டனே கிடையாது. பேசும்போது கட் பண்ற சிவப்புக் கட்டம் சரியா கன்னத்துக்கு நேரா வந்து நிக்குது. கன்னம் பட்டா அவ்ளோதான்.

—ஓஹோ. மூஞ்சி இல்லாதவங்களுக்குன்னு செஞ்ச போனா அது?

—சிரிக்காத. ஆன் பண்ற பட்டனை விலாவுல வச்சிருக்கான், கையில பிடிச்சாலே அணைஞ்சுடுது. ஸ்பீக்கரை முதுகுல வச்சிருக்கான், கட்டில்ல வச்சா மணி அடிக்கிறதே கேக்கல. வெயில்ல வெளியே எடுத்தா என் மூஞ்சிதான் தெரியுது, யார் கூப்பிடறாங்கன்னு தெரியல.

—இவ்ளோ லட்சணத்தோட இருக்கிறத ஏன் வாங்கினீங்க?

—ஓசூர்ல எங்க ஆபீஸ்ல எல்லாரும் வச்சிருக்காங்க. நான் மட்டும் பட்டனை அமுக்கிட்டு இருந்தா கேவலமா இருக்காதா?

—வளவன், ஒண்ணு கேக்கறேன். சாப்டீங்களான்னு கேட்டா உங்க கன்னம் சும்மா இருக்கு. படத்தைப் பத்திப் பேசினா அரை மணி நேரம் சும்மா இருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் நான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போலாமான்னு கேட்டா மட்டும் எப்படிங்க கட் ஆகுது? உங்க கன்னத்துக்குத் தமிழ் தெரியுமா?

—அது... தெரியலயே. ஆனா நான் கட் பண்ணல.

—எங்கப்பா நாளைக்குப் பத்திரிகை அடிக்கக் குடுக்கறார். அதனாலதான் கீழ்பென்னாத்தூர்லேருந்து இந்தக் கூட்டத்துல இடிபட்டு வந்திருக்கேன். எக்ஸ்ரே எடுக்கிற வேலைய நான் விடமாட்டேன், நைட் டூட்டியும் விடமாட்டேன். பதில் சொல்லாம போனை வைக்கிற ஆள்கூட குடும்பம் நடத்தவும் மாட்டேன். மெஷின் தப்புன்னா மாசியில கல்யாணம். நிச்சயதார்த்த மோதிரத்த இதோ கழட்டிட்டேன்; மனுஷன் தப்புன்னா இது உங்க கையில, நான் பஸ்ல.

—இன்னைக்குத் திருவூடல், செல்வி. சாமியும் அம்மனுமே இந்தத் தெருவுல சண்டை போட்டுட்டு, நாளைக்கு ராசியாயிடுவாங்க.

—அம்மன் கோயில் கதவையே சாத்திட்டுப் போறாங்க, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. நான் அந்தப் பூக்கடைகிட்ட போய் நின்னு கூப்பிடுறேன். நீங்க இங்கயே என்னைப் பார்த்து நில்லுங்க. ஒரு கையில போனு, இன்னொரு கை முதுகுக்குப் பின்னாடி. விரல் அசைஞ்சா தெரிஞ்சுடும்.

—கூட்டத்துல எல்லாரும் பார்க்கிறாங்க.

—சாமி வர்ற வரைக்கும் அவங்களுக்கும் பொழுது போக வேணாமா? நில்லுங்க.

—ஹலோ.

—ஹலோ. கேக்குதா?

—ஜாஸ்தியாவே கேக்குது. நேர்ல ஒரு தடவை, போன்ல ஒரு தடவை.

—மதியம் இன்னா சாப்டீங்க?

—கறிக்குழம்பு. கொஞ்சம் உப்பு கம்மி.

—பூ முழம் இன்னா விலை விக்கிறாங்க தெரியுமா? பொங்கல்னு வச்சு உரிக்கிறாங்க.

—நான் வாங்கித் தரேன், பேரம் பேசாத.

—சரி. வளவன், கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போலாமா, கூடாதா?

—அது வந்து...

—ஹலோ? ஹலோ? கட்!

—பார்த்தியா? இங்க வா! விரல் எங்க இருந்துச்சு? சொல்லு, விரல் எங்க இருந்துச்சு?

—கத்தாதீங்க, பார்த்தேன். விரல் அசையல. ஆனா பல்லைக் கடிச்சீங்க.

—நானா?

—அந்தக் கேள்வியக் கேட்டதும் தாடை கல்லு மாதிரி துருத்திச்சு. போனையும் காதோட சேர்த்து அழுத்திக்கிட்டீங்க. கன்னத்துல பாருங்க, தடமே விழுந்திருக்கு. நான் தினம் நாலு தாடைய படம் எடுக்கிறவ, எனக்குத் தெரியாதா?

—அப்ப போன் தப்புதானே?

—போன் தப்புதான். பயந்தவன் பல்லைக் கடிப்பான்னு தெரியாத ஆள் செஞ்ச போன். இந்தாங்க, மோதிரத்த மறுபடி போட்டுக்கறேன், போதுமா? ஆனா என்னாத்துக்குப் பயம்? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

—உன்னைப் பார்த்து இல்ல, எங்கம்மாவைப் பார்த்து. வேங்கிக்கால்ல எங்க தெருவுல எந்த மருமகளும் நைட் டூட்டிக்குப் போனதில்லன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க.

—அவங்ககிட்ட நீங்க பேசவே இல்லையா?

—பேசினேன். போன ஞாயித்துக்கிழமை ஓசூர்லேருந்து போன் போட்டு, "செல்வி வேலைய விடமாட்டா, நானும் சரின்னுட்டேன்"னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன்.

—நிஜமாவா? இதை ஏங்க இவ்ளோ நேரம் சொல்லல! அம்மா இன்னா சொன்னாங்க?

—அதுக்குள்ள கட் ஆயிடுச்சு.

—பாழாப்போன கன்னம்! மறுபடி போடலயா?

—போட்டேன். எடுத்தாங்க. "அம்மா, செல்வி வேலை"ன்னேன். மறுபடி கட். போனைத் தரையில அடிக்கலாம்னு இருந்துச்சு. சார்ஜர்ல மாட்டியிருந்ததால...

—ஏன் நிறுத்திட்டீங்க?

—சார்ஜர்ல மாட்டி சன்னல்ல வச்சிருந்தேன், செல்வி. நான் கட்டில்ல படுத்துக்கிட்டு ஹெட்செட்ல பேசினேன்.

—அப்ப கன்னம்?

—தலையணை மேல.

—உங்கம்மாதும் டச் போனா? அவங்க கன்னம் பட்டிருக்குமோ?

—ஆமான்னு சொன்னா நீ நம்பிடுவ.

—நம்பிடுவேன். சொல்லுங்க.

—வீட்டு லேண்ட்லைன். ரிசீவரைக் கையால எடுத்து வச்சாத்தான் கட் ஆகும்.

—நகருங்க, நான் கிளம்பறேன்.

—செல்வி, பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம். எங்க போற?

—ஆட்டோ! வேங்கிக்காலுக்கு வருமாண்ணே? ரெண்டு பேர்.