பட்டுப்புடவை வந்த கார்த்திகை

அந்தப் பேனாவ பாக்கெட்ல வை தம்பி. முதல்ல காபி குடி. செங்கம் ரோடு பூரா மழையில சைக்கிள் மிதிச்சுக்கினு வந்திருக்க. உன்மேல எனக்குக் கோவம் இல்ல.

இல்லப்பா, கையெழுத்து போட மாட்டேன். எங்க போடணும்னு நீ காட்ட வேணாம், எனக்கே தெரியும். மில்லு மீட்டிங்ல என் ஓட்ட உங்க முதலாளி போட்டுக்கறதுக்கு, அதானே? உங்க முதலாளி ராஜமாணிக்கம் என் கூடப்பொறந்த அண்ணன், தெரியுமில்ல? அறுபத்தஞ்சாம் வருஷம் அப்பா போறப்ப நெலத்த அவருக்கு எழுதிட்டு, இந்த மல்லாட்டை ஆட்டற கடலெண்ணெ மில்லு ஷேர என் பேர்ல போட்டாரு.

அதுலேருந்து இருபது வருஷமா கார்த்திகை சீர் தவறாம வருது. புடவை, பொரி உருண்டை, தட்டுக்கு அடியில இந்தப் பேப்பர். அண்ணன் அனுப்பிச்சாருனு தெருவுல எல்லாருக்கும் காட்டுவேன். பேப்பர்ல இன்னா இருக்குதுனு பாக்காமயே போட்டுக் குடுப்பேன். போன வருஷம் வேலூர் ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணிக்கினு கெடந்தேன். அங்கயும் புடவை வந்துச்சு, பேப்பரும் வந்துச்சு. அண்ணன் வரல.

முன்னெல்லாம் அந்த ஷேர சும்மா குடுத்தாக்கூட எவனும் சீண்ட மாட்டான். இந்த வருஷம் ஷேர் மார்க்கெட்ல புதுசா ஏதோ கண்டிஷன் போட்டாங்களாம். முதலாளி வூட்டு ஆளுங்களோட மில்லு இன்னா யாவாரம் பண்ணாலும் வெளிய சொல்லியாகணுமாம். சொன்னாங்க. புண்ணாக்கு மொத்தமும் அண்ணியோட தம்பிக்கு அடிமாட்டு விலைக்குப் போயிருக்குது. சந்தி சிரிச்சதும் நிறுத்திட்டாரு. ஒடனே ஷேர் மூணு மடங்கு விலை. மெட்ராஸ் புரோக்கர் என் வாசல்ல வந்து நின்னான்.

அதே மில்லு, அதே மெஷினு, அதே மல்லாட்டை. திருட்டு நின்னதுக்கே இந்த விலைனா, இத்தன வருஷமா எவ்ளோ போயிருக்கும்? கூடப்பொறந்தவளுக்கே இப்டி பண்ணா வயிறு எரியாதா?

இன்னாது? வெளியாளுங்க சேந்துக்கினு அவர நாற்காலியிலேருந்து எறக்கப் பாக்கறாங்களா? ஓஹோ. அதான் இந்த வருஷம் பட்டா? எப்பவும் நூல் புடவைதான வரும், இன்னாடா திடீர்னு பாசம் ஜாஸ்தியாயிடுச்சேனு பாத்தேன். நான் செத்தேனா பொழச்சேனானு எட்டிப் பாக்காத மனுசன். அவருக்கு வேண்டியது என் கையெழுத்து, நான் இல்ல.

அட, நீ ஏன் பயப்படற? உன்ன திட்டறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல. தங்கச்சிகிட்ட இப்ப ஷேரே இல்லனு உங்க முதலாளிகிட்ட சொல்லிடு. ஐப்பசிலயே புரோக்கருக்கு வித்துட்டேன். பேரு மாத்தற பேப்பர் நாளைக்கோ மறுநாளோ உங்க ஆபீசுக்கு வரும்.

புடவைய மறக்காம எடுத்துக்கினு போ, நனையாம பாத்துக்கோ. தீபத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்குது. இனிமே என்கிட்ட வாங்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அண்ணன் வராரானு பாக்கறேன்.