நெட்டையாருக்கு எதிரே

காவலாளி: எடுக்கப் போறாங்களா? எதை?

வந்தவர்: இந்த மண் சிலையைத்தான் அக்கா. லெட்டர் என் பையில இருக்கு.

காவலாளி: வந்து பதினஞ்சு நாள்கூட ஆகலயே! நீங்க மியூசியம் ஆபீஸா?

வந்தவர்: அப்படி... வச்சுக்குங்களேன். இன்னிக்கே லெட்டரைக் கொடுத்துடணும்.

காவலாளி: ஏன்? இது யார் சோத்துல மண்ணைப் போட்டுச்சு?

வந்தவர்: எதிர்ல பாருங்க. எழுபது வருஷத்துக்கு முந்தின வெண்கலச் சிலை. எவ்வளவு பெரிய கை செஞ்சது! அதுக்கு முன்னாடி இது... ஏதோ சட்டி பானை மாதிரி...

காவலாளி: நெட்டையாரைச் சொல்றீங்களா?

வந்தவர்: நெட்டையாரா?

காவலாளி: நான் வச்ச பேரு. இருபத்திரண்டு வருஷமா இந்த அறைக்கு நான்தான் காவல். எனக்கு உரிமை இல்லையா?

வந்தவர்: சரி, நெட்டையார்தான். இது அவர் தோளுக்கு எட்டணும் அக்கா. களிமண் சூளையில வெந்தா சுருங்கும். எவ்வளவுன்னு போட்ட கணக்கு தப்பிப் போய்... நெஞ்சோட நின்னுடுச்சு. பாக்கவே கூசுது.

காவலாளி: இங்க வாங்க. என் நாற்காலிகிட்ட... இன்னும் கொஞ்சம். இப்ப அவர் தலையைப் பாருங்க.

வந்தவர்: லேசா... சாஞ்சிருக்கு.

காவலாளி: இத்தனை வருஷமா பாவம், கழுத்துப் பிடிப்புன்னுதான் நினைச்சேன். இது எதிர்ல வந்த மறுநாள் காலையில விளக்கைப் போட்டேன் பாருங்க... அம்மாடி! அவர் குனிஞ்சு கேக்கறாரும்மா! இது என்னவோ சொல்லுது, அவர் கேக்கறார்.

வந்தவர்: கேக்கறாரா?

காவலாளி: தோள் உயரம் இருந்தா அவர் எதுக்குக் குனியணும்?

வந்தவர்: இருங்க... கொஞ்சம் இருங்கக்கா... நான் மண்ணையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். இங்கருந்து பாக்கவே இல்ல... கடவுளே. ஆமா. கேக்கறார்.

காவலாளி: நேத்து ஒரு குடும்பம், ஒரே கூச்சல். இங்க நுழைஞ்சதும் கப்சிப். ரெண்டுக்கும் நடுவுல ஒருத்தரும் நடக்கல. சுவரோரமா சுத்திப் போனாங்க. நான் சொல்லல, யாரும் சொல்லல.

வந்தவர்: செஞ்சவங்களுக்கே பிடிக்கலன்னா?

காவலாளி: நல்லாருக்கே! காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. பெத்தவளுக்குப் பிடிக்காதா?

வந்தவர்: பெத்தவளுக்குத்தானே தெரியும், எங்கெங்க கோணல்னு... அக்கா, நான் ஆபீஸ் இல்ல. இதைச் செஞ்சது நான்தான். வேண்டாம்னு லெட்டர் எழுதினதும் நான்தான்.

காவலாளி: தெரியும். கையை ஆட்டி ஆட்டிப் பேசினீங்களே, அப்பவே தெரியும். சிலைக்குப் பின்பக்கம் அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு, சுண்டு விரல் மட்டும் உங்க விரல் மாதிரியே வளைஞ்சு... யாரையும் எதையும் தொட விடாதவ நான். அன்னிக்குக் காலையில ஆள் வர்றதுக்குள்ள, அந்தக் குழியில என் விரலை வச்சுப் பாத்துட்டேம்மா.