ஆஷ்பியின் முறை

பெக்கான் மரம் ஒரு வருடம் கொட்டிக் காய்த்தால் மறுவருடம் சும்மா நிற்கும். அதற்காக யாரும் கோடாலியைத் தூக்குவதில்லை. காத்திருப்போம்.

எங்கள் செனட் தொகுதியும் அப்படித்தான், ஐயா. நீங்கள் அட்லாண்டாவிலிருந்து வந்த அதிகாரி, அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும். பெல்டன், டார்வர், ஆஷ்பி மூன்று கவுண்டிகளும் சேர்ந்து ஒரு தொகுதி. ஒரு பதவிக்காலம் பெல்டன்காரர் செனட்டர், அடுத்தது டார்வர்காரர், அதற்கடுத்தது எங்கள் ஆஷ்பி. சட்டத்தில் இது கிடையாது. என் தாத்தா காலத்தில் பெரியவர்கள் கைகுலுக்கிப் பேசி வைத்தது. முறை வராத கவுண்டியிலிருந்து யாரும் மனுப் போட மாட்டார்கள். கறுப்பர்களுக்கு இதில் முறை இல்லை. கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் வீடு இருந்த இடத்தில் இப்போது புல்தான் இருக்கிறது.

இந்தத் தடவை ஆஷ்பியின் முறை. எங்கள் ஆட்கள் என்னைத்தான் நிறுத்துவதாக இருந்தார்கள். பதவியில் இருந்தவன் டார்வரின் லமார் டாக்கெட், சின்ன வயதிலிருந்து என் சிநேகிதன். அவனுக்காக ஆஷ்பி முழுக்க வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவன் நான்.

வான்கோழி வேட்டைக்குச் சதுப்புப் பக்கம் போயிருந்தோம். மரத்தில் சாய்ந்துகொண்டே சொன்னான்.

"ஏசா, நான் மறுபடியும் நிக்கப் போறேன்டா."

"இது எங்க முறைடா."

"முறையாவது மண்ணாங்கட்டியாவது. கெழவனுங்க பேசிட்டுப் போனது அது. தைரியம் இருந்தா என்னை எதுத்து நில்லு. உன் மூஞ்சிக்கு உன் பொண்டாட்டியே ஓட்டுப் போட மாட்டா."

சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் கிண்டல் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

பிறகு அவன் முழங்காலில் சுட்டேன். அவன் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். முதல் செனட்டரிலிருந்து ஒவ்வொருவர் பெயரும், அவர் எந்தக் கவுண்டி என்பதும் வரிசையாகச் சொன்னேன். நடுவில் அவன் கத்தியதால் சில பெயர்களைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. என் பெயரில் முடித்துவிட்டுத் துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடித்தேன். ஒரே அடியில் முடியவில்லை. சதுப்பில் தள்ளினேன். மிச்சத்தை முதலைகள் பார்த்துக்கொண்டன. கரையில் தொப்பி கிடந்ததால் தவறி விழுந்துவிட்டான் என்று ஊர் நம்பியது.

ஆனால் ஒன்றை மறந்துபோனேன். செனட்டர் பதவியில் இருக்கும்போது இறந்தால், அடுத்த பதவிக்காலம் அவர் வீட்டாருக்கு. மரியாதைக்காக அப்படி. வீட்டில் யாருமில்லை என்றால்தான் அடுத்த கவுண்டிக்கு வரும். ஒரு தடவை பெல்டன்காரர் இறந்தபோது இதை வாதாடி வாங்கிக் கொடுத்தவனே நான்தான். லமாருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி யூலா மட்டும்தான்.

துக்க வீட்டுக்குப் பன்றித்தொடை வாட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

"பிரதர் ஏசா, அரசியல் எனக்கு எதுக்கு? ஆனா எங்க ஊர்க்காரங்க விட மாட்டேங்கிறாங்க. நீங்களே அன்னிக்குக் கூட்டத்துல நின்னு சொன்னீங்களாமே, செத்தவர் வீட்டுக்குத்தான் அடுத்த தடவைன்னு."

"சொன்னேன்தான். உனக்கு வேணாம்மா யூலா. ஒதுங்கிக்கோ."

"அவர் பேருக்காகவாவது நிக்கிறேன், பிரதர். உக்காருங்க, சாப்பிட்டுத்தான் போகணும்."

எனக்காகக் கறியை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். கழுத்தில்தான். அவளிடம் பெயர்களைச் சொல்லவில்லை. பெண்களைக் காக்கவைத்து வதைப்பது எனக்குப் பிடிக்காது. நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போது சர்ச் ஆட்கள் துக்க வீட்டுக்கான சாப்பாட்டுப் பாத்திரங்களோடு உள்ளே வந்துவிட்டார்கள்.

பதவி ஆசையா என்று கேட்டீர்கள். இல்லை, ஐயா. ஆஷ்பிக்கு அதன் முறை கிடைத்தால் போதும், அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தால் என்ன? இப்போது டாக்கெட் வீட்டில் யாருமில்லை. முறை ஒழுங்காக எங்களிடம் வந்துவிட்டது.

என் இடத்தில் எங்கள் ஊர்ப் பல் டாக்டரை நிறுத்தப் போகிறார்களாம். தங்கமான மனிதர். என்னை ஒரு மணி நேரம் வெளியே விட்டால் அவரிடம் பேசிவிட்டு வந்துவிடுவேன்.