ஜவ்பர் ஹாஜியாரின் ஆறு நோன்பு

தெரணியகலையில் துணி காய்வது லேசுப்பட்ட காரியமில்லை, மிஸ். காலையில் வெயில் வந்ததே என்று கொடியில் போட்டால், பின்னேரம் மழை வந்து இன்னொரு முறை அலசித் தந்துவிட்டுப் போகும். பொலிஸில் இதையெல்லாம் எழுத மாட்டீர்கள். ஆனால் விஷயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

என் கணவர் ஜவ்பர் ஹாஜியாரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். றப்பர் கடை முதலாளி, பள்ளிவாசல் தலைவர். தோட்டத்து ஆட்கள் சுமந்து வரும் றப்பர் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஈரம் ஈக்கி, கொண்டு போ" என்று ரோட்டில் எறிவார். அப்படிப்பட்டவருக்குப் பார்க்கின்சன் வருத்தம் வந்து, கை நடுங்கி, கால் இறுகி, கடைசியில் இரவு தோறும் படுக்கை நனையத் தொடங்கியது. றப்பர் வியாபாரி றப்பர் சீட்டின் மேலேயே படுத்தார். பிள்ளைகளுக்குக் கட்டுகிற பெம்பர்ஸைக் கட்டலாமென்றால், "நான் யாரெண்டு தெரியுமா?" என்று கேட்டார். தெரியும். நான்தானே கழுவுகிறேன்.

கிளினிக் நர்ஸ் விஜயகலா நல்ல பிள்ளை. "அந்திக்குப் பொறகு குடிக்கிறதக் கொறைங்கம்மா, படுக்கிறதுக்கு முந்தி பாத்ரூம் கூட்டிட்டுப் போங்க, பகல்ல மட்டும் நல்லா தண்ணி குடுங்க" என்றாள். முதல் பாதி எனக்குப் பிடித்திருந்தது. அந்தியைப் பின்னேரத்து அஸர் தொழுகைக்கு நகர்த்தினேன்; பிறகு நடுப்பகலுக்கு. படுக்கை பாதி காய்ந்தது.

அப்போது ரமழான் வந்தது.

பகலில் நோன்பு, தண்ணீர் கூடாது. இரவில் படுக்கை, தண்ணீர் கூடாது. நடுவில் நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழம், ஒரு கோப்பை கஞ்சி. இவ்வளவு சுலபமான வழி இருக்க, வீணாக ஏன் கஷ்டப்பட்டேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

மௌலவி வந்து, "வருத்தக்காரருக்கு நோம்பு கடமயில்ல, ராத்தா. ஏழைக்குச் சாப்பாடு குடுத்தாப் போதும்" என்றார்.

"நானும் அதச் செல்லாத நாளில்ல, மௌலவி. கேக்குறாரா மனுசன்?"

ஹாஜியாரின் உதடு அசைந்தது. அந்த வருத்தத்தில் குரல் கிணற்றுக்குள் போய்விடும். காதை வாயருகே வைத்தால்தான் கேட்கும். வைத்தேன். "தண்ணி" என்றார். "முப்பதும் புடிப்பாராம்" என்று மௌலவிக்குச் சொன்னேன்.

பிறகு ஊரே பார்க்க வந்தது. முகம் மரக்கட்டை மாதிரி அசையாமல் இருப்பதும் அந்த வருத்தத்தின் வேலைதான். பள்ளிவாசல் செயலாளர் ஹில்மி அதைப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், மொகத்துல நூர் ஈக்கி" என்று கண்ணைத் துடைத்தார். நூர் என்றால் ஒளி, மிஸ். எண்ணெய் தேய்த்தால் எனக்கும் வரும்.

மாத்திரையா? அதுவும் வாயால் போவதுதானே, பகலில் நிறுத்தினேன். மாத்திரை போகாவிட்டால் உடம்பு கட்டையாகிவிடும், கை குவளை வரைக்கும் எட்டாது. தெரியும். விஜயகலா சொல்லித் தந்திருந்தாள்.

பெருநாளோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். அப்படியென்றால் பெருநாளுக்கு அடுத்து வரும் ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பை யார் பிடிப்பது? பள்ளிவாசல் தலைவருக்குக் குறைவாகிவிடாதா? பெருநாளுக்குக் கொழும்பிலிருந்து வந்த மகள் இன்ஷிரா மறுநாள், "உம்மா, வாப்பாட நாக்கு வெடிச்சீக்கி, தண்ணி குடுங்கோ" என்றாள். "வாப்பாட நோம்ப முறிக்கச் செல்றியா நீ? ஊரு என்ன செல்லும்?" என்றேன். ஹாஜியாரின் மகள் அல்லவா, ஊர் என்றதும் வாயை மூடினாள். வாப்பாவின் மையித்தை அடக்கிய பிறகு உங்களிடம் வந்துதான் திறந்திருக்கிறாள்.

ஆம், தண்ணீர் இல்லாமல்தான் மவுத்தானார். வேண்டுமென்றுதான் கொடுக்கவில்லை, அப்படியே எழுதுங்கள். ஆனால் கொடுமைக்காரி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடைசி நாள் நடுப்பகலில் அவர் கண் என் கையிலிருந்த குவளையையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு மனது கேட்கவில்லை. கட்டிலருகில் உட்கார்ந்து, அவர் தலையைத் தடவிக்கொண்டே, அவசரப்படாமல் முழுவதையும் நானே குடித்து முடித்தேன். எனக்குச் சீனி வருத்தம், மிஸ், தாகம் தாங்காது. என் உடம்பை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?